ஈரலில் 3 சென்டிமீட்டர் கட்டி: கத்தியும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 41. காங்கயத்துக்குப் பக்கத்தில் கிராமம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சாப்பிட்டதும் மேல்வயிறு உப்பிக்கொண்டு வலிக்கிறது என்று ஸ்கேன் எடுத்தோம். ஈரலின் வலது பக்கத்தில் 3.4 செ.மீ. கட்டி இருப்பதாகவும், 'ஹீமாஞ்சியோமாவாக இருக்கலாம், சிடியுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்றும் எழுதியிருக்கிறார்கள். ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்றும் இருக்கிறது. பித்தப்பையில் கல் இல்லை. ஒரு டாக்டர் ஊசி மூலம் சதை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். இன்னொருவர் ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது நல்லது என்கிறார். ஒரம்பரையில் (சொந்தக்காரர்களில்) ஒருவர் இது நாயால் வருகிற கட்டி என்கிறார். எங்களிடம் பட்டி ஆடும் இரண்டு நாய்களும் உண்டு. மாமியார், 48 நாளில் கட்டி கரையும் என்று ஒரு வைத்தியரிடம் கஷாய மருந்து வாங்கி வைத்திருக்கிறார். என் அண்ணன் 4 வருடம் முன்பு ஈரல் புற்றுநோயில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 46, குடிப்பழக்கம் கிடையாது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். எனக்கும் புற்றுநோய்தானா? கல்யாணத்துக்கு முன்பே ஆபரேஷனை முடித்துக்கொள்ள வேண்டுமா?
— வாசகி, காங்கயம் வட்டாரம்

பதில்: நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் ரிப்போர்ட்டை வைத்துப் பார்த்தால், இது புற்றுநோய் அல்லாத ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், ஊசி வேண்டாம், கஷாயமும் வேண்டாம். ரத்தப் பரிசோதனையும், சரியான முறையில் எடுத்த ஒரு ஸ்கேனும் போதும். இரண்டையும் தைக்கு முன்பே முடித்துவிடலாம்.

ரத்தப் பரிசோதனையை முதலில் சொல்வதற்குக் காரணம், கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய அண்ணன் விஷயம். உங்களுக்குக் கட்டியின் அளவுதான் பயமாக இருக்கிறது. எனக்கு உறுத்தியது அண்ணன் கதைதான். குடிக்காத மனிதர், 46 வயது, ஈரல் புற்றுநோய். இப்படி ஒரு கதையைக் கேட்டால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹெபடைடிஸ் பி வைரஸ். 'காமாலைக் கிருமி' என்று நம் பக்கம் சொல்வார்கள். ஆனால் பலருக்குக் காமாலையே வராமல் பல வருடம் ஈரலில் தங்கியிருக்கும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பெரியவர்களான பிறகு தொற்றினால் பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும். அதனால்தான் ஒரு வீட்டில் அண்ணனுக்கு இருந்தால் தம்பிக்கும் தங்கைக்கும் பார்க்கச் சொல்கிறோம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா. இந்த வைரஸ் இருப்பவர்களுக்கு ஈரல் சுருங்கும் முன்பேகூடப் புற்றுநோய் வரலாம்.

அண்ணனின் பழைய ஃபைல் அண்ணி வீட்டில் இருக்கும். அதை எடுத்து, ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் 'ஹெச்பிஎஸ்ஏஜி' என்ற வரி எங்காவது இருக்கிறதா, அதற்கு எதிரே பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் அதே பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கூடவே ஹெபடைடிஸ் சி பரிசோதனையும், லிவர் ஃபங்ஷன் டெஸ்ட், பிளேட்லெட் எண்ணிக்கை, சர்க்கரை அளவும். மத்திய அரசின் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018இல் தொடங்கியதிலிருந்து பி, சி வைரஸ்களுக்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகள் வழியாக இலவசம். அண்ணனுக்கு வைரஸ் இல்லாமல், சர்க்கரை நோயும் ஈரல் கொழுப்பும் சேர்ந்து ஈரலைக் கெடுத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

இவ்வளவு ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஈரல் கட்டியைப் பொறுத்தவரை கட்டியைப் பார்ப்பதற்கு முன் அது உட்கார்ந்திருக்கும் ஈரலைப் பார்க்க வேண்டும். நல்ல ஈரலில், ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும் 3 செ.மீ. கட்டி அநேகமாகச் சாது. சிரோசிஸ் வந்து சுருங்கிய ஈரலிலோ, ஹெபடைடிஸ் பி உள்ள ஈரலிலோ அதே 3 செ.மீ. கட்டியை, வேறு என்று நிரூபணமாகும் வரை, புற்றுநோய் என்று சந்தேகித்துத்தான் ஆக வேண்டும். வேறு உறுப்பில் முன்பு புற்றுநோய் வந்து சிகிச்சை எடுத்தவருக்கும் அப்படித்தான். உங்களுக்கு மார்பிலோ குடலிலோ அப்படி எதுவும் இருந்ததாக எழுதவில்லை. இருந்திருந்தால் ஸ்கேன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். ஹீமாஞ்சியோமா என்பது மெல்லிய ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்ட ஒரு முடிச்சு. ஈரலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் இதுதான் மிக அதிகம். பெண்களிடம், அதுவும் 30 முதல் 50 வயதுக்குள், அதிகம் தென்படுகிறது. பெரும்பாலும் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்த்தான் கண்ணில் படும், உங்களுக்கு நடந்தது போலவே. இது புற்றுநோயாக மாறுவதில்லை. சிலருக்கு வருடக்கணக்கில் மெதுவாகக் கொஞ்சம் வளரும், பலருக்கு அப்படியே இருக்கும். தானாக வெடிப்பது மிக மிக அபூர்வம். இதை வைத்துக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் எத்தனையோ பேர்.

சாதாரண ஸ்கேனில் (அல்ட்ராசவுண்டில்) இது விளிம்பு தெளிவான வெள்ளை வட்டமாகத் தெரியும். ஆரோக்கியமான ஈரலில், 3 செ.மீ.க்குக் கீழே, இப்படி அச்சடித்தது போல் தெரிந்தால் அதோடு விட்டுவிடலாம், மேல் பரிசோதனை தேவையில்லை. உங்களுடையது அந்த அளவைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஈரலில் கொழுப்பும் இருக்கிறது, அண்ணனின் கதையும் இருக்கிறது. கொழுப்பு ஒரு குழப்பம் செய்யும்: சுற்றியுள்ள ஈரலே வெளுத்துத் தெரிவதால் வெள்ளையாகத் தெரிய வேண்டிய ஹீமாஞ்சியோமா சில நேரம் கறுப்பாகத் தெரியும்; பித்தப்பைக்குப் பக்கத்தில் கொழுப்பு படியாத நல்ல சதை கட்டி மாதிரி தோன்றும். ஆகவே சிடியுடன் ஒப்பிடச் சொன்ன ஸ்கேன் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். பயமுறுத்த எழுதியதல்ல அது.

ஆனால் எந்த சிடி என்பதில்தான் நம் ஊரில் காசு வீணாகிறது. மருந்து ஏற்றாமல் எடுக்கும் பிளெயின் சிடி இதற்குப் பிரயோஜனம் இல்லை. மருந்து ஏற்றி ஒரே ஒரு முறை படம் பிடித்தாலும் போதாது. 'ட்ரிபிள் ஃபேஸ்' சிடி என்று கேட்டு வாங்குங்கள், சீட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். கை நரம்பில் அயோடின் கலந்த மருந்தை வேகமாக ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும், வாயில் ஒரு உலோக ருசி வரும், சிறுநீர் போய்விட்டது போலக்கூட இருக்கும். பயப்பட வேண்டாம், ஒரு நிமிடத்தில் போய்விடும். ஏறக்குறைய 30 விநாடியில் ஒரு படம், 70 விநாடியில் ஒன்று, 3 முதல் 5 நிமிடத்துக்குள் கடைசிப் படம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் கட்டி தன் பெயரைச் சொல்லும்.

ஹீமாஞ்சியோமாவாக இருந்தால் முதல் படத்தில் ஓரத்தில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மருந்து நிற்கும். அடுத்த படத்தில் உள்ளே நகர்ந்திருக்கும். கடைசிப் படத்தில் நடுப்பகுதி வரை போயிருக்கும். மஞ்சள் காட்டில் மடையைத் திறந்துவிட்டால் பாத்தியின் ஓரத்தில் தேங்கிய தண்ணீர் மெதுவாக நடுவுக்கு ஊறுமே, அதே மாதிரி. ஈரல் புற்றுநோய் நேர் எதிராக நடந்துகொள்ளும்: முதல் படத்திலேயே மருந்தைச் சட்டென்று இழுத்துப் பளிச்சிடும், அடுத்த படங்களில் சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போகும். பழக்கப்பட்ட கதிரியக்க மருத்துவருக்கு இந்த நடத்தையே சாட்சி. சதையை வெட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

சிடிக்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு இதே மாதிரி மருந்து ஏற்றித் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டிருந்தால், நாள் தள்ளிப்போயிருந்தால், இவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள். வசதி இருந்தால் மருந்து ஏற்றிய எம்ஆர்ஐ இன்னும் நல்லது. கதிர்வீச்சு இல்லை, ஹீமாஞ்சியோமா அதில் ஒரு வகைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். ஆனால் எம்ஆர்ஐக்குப் பணம் புரட்ட வேண்டும் என்றால் ட்ரிபிள் ஃபேஸ் சிடியே போதும். கடன் வாங்க வேண்டாம். காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு பெருந்துறையிலோ கோவையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள்.

ஊசி போட்டுச் சதை எடுப்பதை ஏன் வேண்டாம் என்கிறேன்? ரத்தக்குழாய் முடிச்சு என்று சந்தேகிக்கும் ஒன்றில் ஊசியைக் குத்தினால் ரத்தம் கசியலாம். படத்திலேயே விடை கிடைக்கக்கூடிய விஷயத்துக்கு அந்த ஆபத்து எதற்கு? மூன்று கட்டப் படமும் எம்ஆர்ஐயும் பார்த்த பிறகும் முடிவுக்கு வர முடியாவிட்டால் அப்போது பயாப்சி பேசலாம். அதுவும் ஈரல் நோய்களைப் பார்க்கும் இடத்தில்.

ஆபரேஷன் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கட்டி என்று ஒன்று இருந்தால் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் நோயாளிகளுக்கு இருப்பது இயல்பு. அதை டாக்டரே தூண்டிவிடக் கூடாது. ஈரலை வெட்டுவது பெரிய ஆபரேஷன். 10 செ.மீ.க்கும் மேலே வளர்ந்து, இரைப்பையை அழுத்தி, சாப்பிட முடியாமல் செய்கிற ஹீமாஞ்சியோமாக்கள் உண்டு. மிக அபூர்வமாக, ராட்சத அளவுள்ளவை ரத்தத்தில் பிளேட்லெட்டைக் குறைத்து ரத்தம் உறைவதைக் கெடுப்பதும் உண்டு. அவற்றுக்குத்தான் கத்தி, அதுவும் ஈரல் அறுவையில் பழகிய குழு இருக்கும் மருத்துவமனையில். 3.4 செ.மீ.க்கு அல்ல. உங்கள் வலிக்கும் இந்தக் கட்டிக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கட்டியை எடுத்த பிறகும் அதே வலி அப்படியே இருக்கிறது என்று வருகிறவர்கள் உண்டு. சாப்பிட்டதும் உப்பிக்கொள்வது இரைப்பை விவகாரம். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயும் பன்னுமாக ஷிஃப்ட்டை ஓட்டுவதில் தொடங்கி, ஹெச்.பைலோரி கிருமி வரை அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சரி, சிடியில் ஹீமாஞ்சியோமா இல்லை என்று வந்தால்? அப்போதும் உடனே புற்றுநோய் என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா, சுருக்கமாக எஃப்என்ஹெச், என்று ஒன்று உண்டு. ஈரலுக்குள் ஒரு தமனி பிறவியிலேயே கோணலாக அமைந்த இடத்தில் ஈரல் செல்கள் கூடுதலாக வளர்ந்த மேடு அது, நடுவில் ஒரு தழும்பு தெரியும். அதுவும் சாது, அதற்கும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது வகைதான் கொஞ்சம் கவனம் கேட்கும். அது அடினோமா. அபூர்வம், ஆனால் ரத்தம் கசியவும் கூடும், சிறு சதவீதத்தினருக்குப் புற்றுநோயாக மாறவும் கூடும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்த பெண்கள், உடல் எடை கூடியவர்கள், உடம்பை ஏற்ற ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் பையன்கள், இவர்களிடம் வரும். பெண்ணுக்கு 5 செ.மீ.க்குள் இருந்தால் மாத்திரையை நிறுத்தி, எடையைக் குறைத்து, 6 மாதம் கழித்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்போம். பல நேரம் சுருங்கிவிடும். 5 செ.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால், வளர்ந்துகொண்டே போனால், அல்லது ஆணுக்கு வந்தால் எந்த அளவாக இருந்தாலும், எடுத்துவிடுவதே வழக்கம். நீங்கள் கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நோம்பிக்கோ கல்யாணத்துக்கோ நாள் தள்ளிப்போட எப்போதாவது நாலு மாத்திரை போட்டதை நினைத்துக் குழம்ப வேண்டாம், ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

ஒரம்பரைக்காரர் சொன்னதை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். நாயின் குடலில் இருக்கும் ஒரு சின்ன நாடாப்புழுவால் மனிதருக்கு ஈரலில் நீர்க்கட்டி வருவது உண்மை. ஹைடாட்டிட் என்று பெயர். செம்மறியும் நாயும் ஒன்றாக வாழும் எந்த ஊரிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் அது தண்ணீர் நிறைந்த பை. ஸ்கேனில் கறுப்பாக, சில நேரம் உள்ளே குட்டிப் பைகளோடு தெரியும். உங்களுடையது சதைக் கட்டி. ஆகவே இது அது அல்ல. இருந்தாலும் பேச்சு வந்ததால் ஒன்று: கிடாவெட்டு முடிந்ததும் நீர்க்கட்டி உள்ள ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசுவதை நிறுத்துங்கள். நாய்க்குள் அந்தப் புழு போகிற வழியே அதுதான். அங்கிருந்து நாயின் மலம் வழியாக முட்டைகள் கீரைக்கும் கைக்கும் வருகின்றன. கழிவைக் குழி தோண்டிப் புதையுங்கள், கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாய்களுக்கு ஒழுங்காகக் குடற்புழு மருந்து கொடுங்கள். யாருக்காவது அப்படி நீர்க்கட்டி இருப்பது தெரிந்தால், எந்த ஏற்பாடும் இல்லாமல் ஊசியால் குத்தி உறிஞ்ச விடாதீர்கள். உள்ளே இருக்கும் நீர் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

மாமியார் வாங்கிவைத்த கஷாயம். அவருக்கு உங்கள்மேல் உள்ள அக்கறையை மதிக்கிறேன், மருந்தை அல்ல. ரத்தக்குழாய் முடிச்சைக் கரைக்கும் மூலிகை எதுவும் இல்லை. கரைய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாத பொடியும் கஷாயமும் நல்ல ஈரலைப் புண்ணாக்கிக் காமாலையில் கொண்டுவந்து விடுவதை ஈரல் மருத்துவம் பார்க்கும் எல்லோரும் பார்க்கிறோம். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் குடித்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அதுவும் நம் பாட்டி வைத்தியத்தில் உள்ள கொடிதான். மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். "ஸ்கேன் முடியட்டுங்க அத்தை, டாக்டர் எதுவும் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்று பழியை என்மேல் போட்டுவிடுங்கள்.

உண்மையில் உங்கள் ஈரலில் நீங்கள் ஏதாவது செய்யக்கூடியது கொழுப்பைப் பற்றித்தான். கிரேடு 1 என்றதும் பலரும் அலட்சியமாக விடுகிறார்கள். எடை கூடுதலாக இருந்தால், இருக்கும் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தாலே ஈரல் நன்றாகத் தேறும். சாப்பாட்டில் வெள்ளைச் சாதத்தின் அளவைக் குறையுங்கள். இரண்டு வேளை அரிசியும் பருப்பும் என்றால் ஒரு வேளையாக்கி, கூடவே காயும் கீரையும் வையுங்கள். வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டோம் என்று நம் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். ஈரலுக்கு இரண்டும் ஒன்றுதான், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போட்டால் கொழுப்பாகத்தான் போய்ச் சேரும். சர்க்கரை போடாத காபி ஈரலுக்கு நல்லதே. நாட்டுக்கோழி சாப்பிடலாம், முட்டை சாப்பிடலாம். கட்டி இருக்கிறது என்பதற்காகப் பத்தியம் எதுவும் இல்லை.

ஈரல் புற்றுநோயைத் தேட எடுக்கும் ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையை யாராவது எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து அழவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். ஈரல் புற்றுநோய் உள்ளவர்களிலேயே கணிசமானவர்களுக்கு அது சரியான அளவில்தான் இருக்கும்.

ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்று வந்து, சிடியிலும் ஹீமாஞ்சியோமா என்று தெளிவாக வந்தால், அத்தோடு கதை முடிந்தது. 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்லி யாராவது எழுதினாலும் அது அவசியமில்லை. படத்தையும் சிடி தகட்டையும் பத்திரமாக வையுங்கள். எதிர்காலத்தில் வேறு எதற்காவது ஸ்கேன் எடுத்தால், 'புதுசாகக் கட்டி' என்று யாரும் திடுக்கிட வேண்டியதில்லை.

பாசிட்டிவ் என்று வந்தால் மட்டும் தைவரை காத்திருக்காதீர்கள், அந்த வாரமே ஈரல் மருத்துவரைப் பாருங்கள். வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை தொடங்குவார்கள். தினம் ஒன்று, அவ்வளவுதான். கட்டியைப் புற்றுநோய்க் கண்ணோடு இன்னொரு முறை படித்துப் பார்ப்பார்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்து, இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். மகளுக்கே இருந்தாலும் கல்யாணம் நிற்க வேண்டிய விஷயமல்ல. மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லித் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் அடுத்த தலைமுறைக்கு அது போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். மறைத்துவைத்துப் பிறகு தெரிவதுதான் குடும்பத்தில் பிரச்சினை செய்கிறது.

கல்யாண வேலையில் அண்டா, குண்டா தூக்கலாம், கம்பெனி வேலைக்கும் போகலாம், பஸ்ஸிலும் வண்டியிலும் போய்வரலாம். கட்டி உடைந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம். ஆனால் திடீரென்று வலது விலா எலும்புக்குக் கீழே தாங்க முடியாத வலி, மயக்கம், குளிரோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் சிடிக்குக் கொடுத்திருக்கும் தேதிக்காகக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.